லோகேஸ்வரியைப் பற்றி விசாரித்த கதை

சென்ற வாரம் நம் முதலீட்டு நிதியத்தின் ஈப்போ அலுவலகத்துக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் நான்கு பேரையும் பார்த்தேன். ஆளுக்கொரு திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். ஒருவரும் தொலைபேசியில் பேசவில்லை. ஒருவரும் எங்கேயாவது கிளம்புவதற்காகக் கார் சாவியைத் தேடவில்லை. எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. கொடுத்த காப்பி ஆறுவதற்குள் எழுந்துவிட்டேன். அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம், வீட்டிலும் நான் அப்படித்தான்.

படியிறங்கும்போது உங்களில் ஒருவர் பின்னால் வந்து, "சார், இந்தத் துறையில நெலைச்சு நிக்க என்னா சார் வேணும்?" என்று கேட்டார். மழை வருகிற மாதிரி இருந்தது. "பிறகு பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து என் மனைவிக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். அவள் சொல்லித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

துணிகர முதலீடு என்று இப்போது நீங்கள் சொன்னால் உங்கள் வீட்டில் தலையாட்டுகிறார்கள். என் காலத்தில் அப்படியில்லை. என் அப்பா ரயில்வேயில் இருந்தவர். எங்கள் யாழ்ப்பாணத்துச் சொந்தங்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள், மீதிப்பேர் டாக்டர்களும் வக்கீல்களும். நடுவில் நான் ஒருவன், இன்னும் லாபமே பார்க்காத கம்பெனிகளில் பிறர் பணத்தைப் போட்டுவிட்டுப் பங்கை வாங்கிக்கொண்டு காத்திருக்கிறவன். என் அம்மா கல்யாண வீடுகளில் இதை விளக்கிப் பார்த்தார். கேட்டவர்கள் நான் வட்டிக்கு விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். கடைசியில், "மகன் பேங்கில இருக்கிறான்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

காத்திருப்பது என்று சொன்னேன். அதுதான் இந்த வேலையின் கஷ்டம். டாக்டருக்கு நோயாளி எழுந்து நடந்தால் தெரிந்துவிடும். வக்கீலுக்குத் தீர்ப்பு வரும். நாம் செய்தது சரியா தவறா என்று தெரிய வருடக்கணக்கில் ஆகிறது, அதற்குள் இன்னும் பத்து முடிவுகளை எடுத்துத் தொலைத்திருப்போம். நிம்மதியாகத் தூங்க விரும்புகிறவர்களுக்கு அரசாங்க வேலை இருக்கிறது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, என் அப்பா நன்றாகத் தூங்கினார்.

கணக்கு, மதிப்பீடு, ஒப்பந்தம் இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். விசாரிப்பைப் பற்றி மட்டும் ஒரு கதை சொல்கிறேன்.

பணம் போடுவதற்கு முன்னால், தொழில் நடத்துகிறவரை அறிந்த நாலு பேரைக் கூப்பிட்டு அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறோம் இல்லையா? கோலாலம்பூரில் அது காப்பி குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை. ஆங்கிலத்தில் கேட்பார்கள், ஆங்கிலத்தில் பதில் வரும். நிதியத்தின் வடக்குக் கிளையை ஈப்போவில் திறந்தபோது என்னை இங்கே அனுப்பியதற்கு ஒரே காரணம், எனக்குத் தமிழில் விசாரிக்கத் தெரியும் என்பதுதான். எனக்கும் அதில் பெருமை. அந்தப் பெருமைதான் ஒரு கம்பெனியைக் கவிழ்க்கப் பார்த்தது.

லோகேஸ்வரிக்கு அப்போது முப்பதுகூட ஆகியிருக்கவில்லை. ஈப்போவுக்குத் தெற்கே பீடோரிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், முன்பு ரப்பர் பால்மரத் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய்க்கான செம்பனைக் காடாகிவிட்ட இடத்துக்குப் பக்கத்தில், தாமான் என்கிற மலிவு விலை வீட்டுக் குடியிருப்பில் அவள் குடும்பம் இருந்தது. தோட்டம் மூடியபிறகு அங்கிருந்தவர்களுக்கு வேலை தொழிற்சாலைகளில்தான். ஆள் ஓரிடம், வேலை ஓரிடம். நடுவில் வேன். அந்த வேன்கள் காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும், பிறகு பகல் முழுக்க நிழலில் கிடக்கும். தொழிற்சாலையோ ஷிஃப்டுக்கு ஆள் வரவில்லை என்று புலம்பும். சும்மா கிடக்கிற வேனையும் காத்து நிற்கிற ஆளையும் கைபேசி வழியாக இணைத்துவிடுவது அவள் தொழில். மாதச் சந்தாவைத் தொழிற்சாலை கட்டும். வேன்காரருக்கு வாரம் தவறாமல் பணம் போகும்.

எளிய யோசனைதான். ஆனால் அவள் பேசியபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பீடோர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்து, எந்தத் தாமானில் எத்தனை மணிக்கு யார் வாசலில் நிற்பார் என்று அவள் சொல்லச் சொல்ல, இதை உடனே செய்ய வேண்டும் என்று எனக்குப் பரபரத்தது. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலை புதிய ஷிஃப்டுக்கு அவளோடு ஒப்பந்தம் போடத் தயாராக இருந்தது. ஆனால் பின்னால் பணபலம் இருந்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஏற்கெனவே தன் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தாள். எங்கள் முதலீடு வந்தால் கம்பெனி எழும், வராவிட்டால் அந்த மாதத்தோடு மூட வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

என் மேலதிகாரி ஈப்போவில் பிறந்த சீனப் பெண்மணி, கோலாலம்பூரில் இருந்தார். எங்கள் முதலீட்டுக் குழுவில் அவர் சொல்தான் கடைசிச் சொல். நாங்கள் மேடம் என்போம். நான் எழுதியதைப் படித்துவிட்டு உடனே கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலமும் கான்டனீஸும் கலந்தது, நான் தமிழில் சொல்கிறேன்.

"தொழில் நல்லது. ஆனால் ஒரு பக்கம் வேன்காரர்கள், இன்னொரு பக்கம் தொழிற்சாலை மேனேஜர்கள். இரண்டுமே முரட்டுக் கூட்டம். இந்தப் பெண் சண்டை போடுவாளா? அதை மட்டும் கண்டுபிடித்து வா."

கண்டுபிடிக்க நான் கிளம்பினேன். லோகேஸ்வரியிடமே பெயர்களைக் கேட்டு வாங்கினால் அவளுக்கு வேண்டியவர்கள்தான் வருவார்கள் என்று, நானாகவே வேறு நாலு பேரைத் தேடிப் பிடித்தேன். அதில் முதல் ஆள் தாப்பாவில் ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியை. அவளுக்குச் சின்ன வயதில் பாடம் நடத்தியவர், குடும்பத்தையும் தெரிந்தவர்.

எதற்காகக் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை. முடிவாகாத முதலீட்டைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்பது நம் தொழில் வழக்கம். எடுத்தவுடன் விஷயத்துக்கு வருவது தமிழர்களான நம் வழக்கமும் இல்லை. சுகம் கேட்டேன். ஊர் கேட்டேன். ஈப்போவில் எந்தப் பக்கம், அப்பா யார் என்று அவர் கேட்டார், சொன்னேன். பிறகு மெதுவாக, "டீச்சர், பீடோரில லோகேஸ்வரி எண்டு ஒரு பிள்ளை. உங்களிட்ட படிச்சவ. என்ன மாதிரி?" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரலில் தேன் ஊறியது.

"தங்கமான பொண்ணு சார். வாயைத் தொறந்து அதிர்ந்து பேசாது. பெரியவங்க சொன்னா தலையைக் குனிஞ்சுக்கும்லா."

"கோபம் வருமோ?"

"சே சே! கோவம்னா என்னான்னே தெரியாது சார். நல்லா ஆக்கும், வீட்டு வேல எல்லாம் செய்யும். உங்களுக்கு எத்தன பிள்ளைங்க சார்?"

"ஒரு மகன். பினாங்கில எஞ்சினியர்."

"கல்யாணம்?"

"இன்னும் இல்ல."

"சந்தோஷம் சார், ரொம்ப சந்தோஷம்."

என் மகனுக்குக் கல்யாணமாகாததில் இந்த அம்மாவுக்கு என்ன சந்தோஷம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நீங்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். சிரிக்கலாம். உங்கள் வயதில் இருப்பவருக்கு உடனே பிடிபடும். நான் சந்தை நிலவரத்தையே நினைத்துக்கொண்டு மற்ற மூன்று பேரையும் அதே மாதிரிக் கூப்பிட்டேன். எல்லோரிடமும் அதே தேன். அடக்கம், அமைதி, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. ஒருவர் அவளுக்கு முருகன் பக்தி அதிகம் என்றுகூடச் சொன்னார். அதையும் குறித்துக்கொண்டேன்.

எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு மேடம் கூப்பிட்டார். "நாலு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். இவ்வளவு சாது என்றால் அந்த முரடர்கள் அவளை விழுங்கி ஏப்பம் விட்டுவிடுவார்கள். எனக்கு மனமில்லை. குழுவில் வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன்."

குழு கூடுவதற்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. நான் நேரில் பார்த்த பெண்ணும் தொலைபேசியில் கேட்ட பெண்ணும் ஒருவர்தானா என்று குழம்பினேன். ஒரு தடவை பார்த்ததை வைத்து நாலு பேர் சொல்வதைத் தள்ள முடியுமா? தொழில் தொடங்குகிறவர்கள் முதலீட்டாளர் முன்னால் நன்றாகத்தான் பேசுவார்கள். நான் ஏமாந்திருக்கலாம். அந்த நாட்களில் நான் அலுவலகத்துக்கும் எதிர்க் கடைக்கும் எத்தனை நடை நடந்தேன் என்பது அந்தக் காப்பிக் கடைக்காரருக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் லோகேஸ்வரி கூப்பிட்டாள்.

"சார், சாரி சார், வேல நேரத்துல தொந்தரவா கச்சாவ் பண்றேன். உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன். வேன்காரங்க பாதிப்பேரு விலகிட்டாங்க."

"ஏன்? என்ன நடந்தது?"

"யாரோ கதை கட்டி விட்டிருக்காங்க சார். ஈப்போவுல ஒரு யாழ்ப்பாணத்துக்காரங்க வீட்டுல இருந்து என்னைப் பொண்ணு கேக்குறாங்களாம். பெரிய எடமாம், மாப்பிள்ள எஞ்சினியராம். கல்யாணம் ஆனா நான் ஈப்போ போயிருவேனாம், கம்பெனிய மூடிருவேனாம். அதான் எல்லாரும் முன்னாடி வண்டி ஓட்டுன பழைய கொந்தராக்டர்கிட்ட போறாங்க. எங்கம்மா வேற ஜாதகத்தத் தேடிக்கிட்டு இருக்கு. எவன் கெளப்பி விட்டான்னு மட்டும் தெரியட்டும் சார்."

எவன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கைபேசியைக் காதில் வைத்தபடியே வாசல்வரை நடந்தேன். அவளிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "கொஞ்சம் பொறும்மா, நான் திரும்ப எடுக்கிறன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

ஈப்போவில் நல்ல குடும்பத்துப் பெரியவர் ஒருவர், கல்யாணமாகாத பெண்ணைப் பற்றி, காரணம் சொல்லாமல், சுற்றி வளைத்து, குணம் எப்படி என்று கேட்கிறார். கேட்டால் கல்யாணமாகாத மகன் இருக்கிறான் என்கிறார். நம் ஆட்கள் வேறு என்ன நினைப்பார்கள்? அவர்கள் செய்தது சரிதான். ஒரு பெண்ணுக்கு நல்ல இடம் அமையும்போது யாராவது அவள் குறையைச் சொல்வார்களா? சண்டைக்காரி என்று எவராவது வாய் திறப்பார்களா? நான் கேட்டறிந்தது எதுவும் அவளைப் பற்றியதே இல்லை. ஒரு நல்ல மருமகள் எப்படி இருக்க வேண்டும் என்று நாலு பேர் எனக்குச் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான்.

மேடத்திடம் சொன்னேன். முதலில் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"அப்படியென்றால் உன்னிடம் இருப்பதெல்லாம் குப்பை. அதுகூடப் பரவாயில்லை. நீ விசாரித்ததாலேயே அந்தக் கம்பெனி சாகிறது. என்ன செய்யப் போகிறாய்?"

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் மேடம்?"

"என்னைக் கேட்காதே. நான் உன் சம்பந்தி இல்லை."

வைத்துவிட்டார். அவரிடம் நான் கற்றதில் பாதி, அவர் இப்படிப் பட்டென்று வைத்த பிறகு நானாக யோசித்துக் கற்றதுதான்.

ஒரு சுலபமான வழி இருந்தது, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். குழுவில் வேண்டாம் என்று சொல்லட்டும் என்று விட்டுவிடலாம். கம்பெனி மூடும், வதந்தியும் அடங்கும், கிளப்பியது யார் என்று யாருக்கும் தெரியாது. நம் தொழிலில் ஒருவரை நிராகரித்துவிட்டால் அவர் என்ன ஆனார் என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ஒருவேளை அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ. உட்கார முடியாத சுபாவம் அன்றைக்கு எனக்கு உதவியது. காரை எடுத்துக்கொண்டு தாப்பாவுக்குப் போய் ஆசிரியை வீட்டு வாசலில் நின்றேன்.

நான் யார், எதற்காகக் கேட்டேன் என்று சொன்னதும் அவர் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ! கம்பெனிக்குக் காசு போடவா கேட்டீங்க? மொதல்லயே சொல்லியிருந்தா வேற கதைல்ல சார் சொல்லியிருப்பேன்!"

"அந்தக் கதையை இப்ப சொல்லுங்கோ டீச்சர்."

சொன்னார். லோகேஸ்வரி முன்பு கமுந்திங்கில் வேறொரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தாள். ஒருநாள் ஷிஃப்டு முடிந்து பெண்கள் எல்லாம் வாசலில் கொட்டும் மழையில் நிற்க, குத்தகை பஸ் வரவில்லை. அது பஸ்காரன் பிரச்சினை, நான் என்ன செய்வது என்று சொல்லிவிட்டு மேனேஜர் காரில் ஏறியிருக்கிறார். இவள் போய் அந்தக் காருக்கு முன்னால் நின்றுகொண்டாள். ஹாரன் அடித்தும் நகரவில்லை. காவலாளி வந்தும் நகரவில்லை. மேனேஜர் இறங்கிவந்து, தன் பொறுப்பில் வண்டி சொல்லி, கடைசிப் பெண் ஏறிய பிறகுதான் வழி விட்டாள். அடுத்த மாதம் வேலையை விட்டாள். வேன் யோசனை அங்கேதான் அவளுக்குப் பிறந்திருக்கிறது.

"தைரியமான புள்ள சார். வாயும் கொஞ்சம் ஜாஸ்தி. பள்ளிக்கூடத்துல என்னையே எதுத்துக் கேள்வி கேக்கும். இத எல்லாம் பொண்ணு பாக்குறவங்ககிட்ட சொல்ல முடியுமா சார்?"

முடியாதுதான். நான் அங்கிருந்தே பீடோருக்கு விட்டேன். அன்று மாலை வேன்காரர்கள் அதே சாப்பாட்டுக் கடையில் கூடுவதாக லோகேஸ்வரி போனில் சொல்லியிருந்தாள். விலகியவர்களையும் கடைசியாக ஒரு தடவை வரச் சொல்லியிருந்தாள். நானே எழுந்து உண்மையைச் சொல்லி வதந்தியை முடித்துவிடலாம் என்பது என் திட்டம். போகிற வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன்.

கடையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் முனியாண்டி என்கிற வேன்காரர், எல்லோருக்கும் அண்ணன். அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். "நாங்க உன்னையக் குத்தம் சொல்லலம்மா. நல்ல எடம் வந்தா போக வேண்டியதுதான். ஆனா எங்க பொழப்பு கஷ்டம், சுசா ஆயிரும்லா. பழைய கொந்தராக்டர் லேட்டா குடுத்தாலும் இங்கேயே இருக்காரு."

லோகேஸ்வரி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று இருந்திருப்பாள். அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்தது. நாலு பேர் சொன்னதுதான் உண்மையோ?

நான் முன்னால் போய் வணக்கம் சொன்னேன். விஷயத்தை எடுத்தவுடன் போடாமல், வழக்கம்போல, நான் ஈப்போவிலிருந்து வருகிறேன், என் குடும்பம் இன்னது, எனக்கு ஒரு மகன் என்று ஆரம்பித்தேன். பழக்கதோஷம், வேறென்ன. அதற்குமேல் பேச விடவில்லை.

"ஓ, இவருதானா மாப்பிள்ளையோட அப்பா!" என்றார் முனியாண்டி. நாற்காலி ஒன்று என் பின்னால் வந்தது. இன்னொருவர் எனக்கு ஒரு தே தாரேக் டீ சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். மகளைக் கொடுக்கிற வீட்டு ஆட்களைப் போல நின்றார்கள். நான் இல்லை இல்லை என்று கையை ஆட்ட ஆட்ட அவர்கள் சிரிப்பு கூடியது.

லோகேஸ்வரி மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

"சார். நீங்களா?"

"அம்மா, நான் கம்பெனி விஷயமாத்தான் விசாரிச்சனான். அவை பிழையா விளங்கிக்கொண்டினம்."

"யார்கிட்ட விசாரிச்சீங்க?"

"உன்ர டீச்சரிட்ட. வேற மூண்டு பேரிட்ட."

"காரணத்தச் சொல்லாமயா?"

"சொல்லக் கூடாது எண்டது எங்கட வழக்கம்."

அவள் எழுந்தாள். அவள் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. கல்லாவில் இருந்தவர்கூட எழுந்து பார்த்தார்.

"என்னா வழக்கம் சார் அது? என் தொழிலைப் பத்தித் தெரியணும்னா எங்கிட்ட கேளுங்க. இந்தா இருக்காங்களே, இவங்ககிட்ட கேளுங்க. எங்க அம்மாவுக்குத் தெரியாம, எனக்குத் தெரியாம, தாப்பாவுல இருந்து பீடோர் வரைக்கும் எனக்கு மாப்பிள்ள பாத்துட்டுப் போயிட்டீங்க. ஆம்பளைங்க கம்பெனி தொறந்தா இப்பிடித்தான் போய் சமைப்பானா, சாந்தமா இருப்பானான்னு கேப்பீங்களா?"

நான் சமையலைப் பற்றிக் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னது என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன். அவள் அதற்குள் வேன்காரர்கள் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. எந்த வாரமாச்சும் நான் காசு லேட்டா போட்டிருக்கேனா? உங்க வண்டி ரிப்பேர்னு நின்னப்ப வேற வண்டி பிடிச்சு உங்க ஆளை ஏத்தினது யாரு? யாரோ போன்ல எதையோ கேட்டாங்கன்னு என்னை ஒரு வார்த்த கேக்காம ஓடுறீங்க. எனக்குக் கல்யாணம் ஆகும், ஆகாமப் போகும், அது என் பாடு. கல்யாணம் ஆனா கையொடைஞ்சிருமா? கம்பெனி ஓடும்லா. போறவங்க இப்பவே போங்க. நாளைக்குத் திரும்பி வந்து அக்கா தங்கச்சின்னு நிக்காதீங்க, சேத்துக்க மாட்டேன்."

முனியாண்டி கழுத்தைத் தடவிக்கொண்டார். "கோவிச்சுக்காதம்மா. நாங்க என்னா கண்டோம்" என்றார். ஒருவர் மட்டும் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவள் அவரைத் தடுக்கவில்லை. மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். கொஞ்சநேரத்தில் நாளைக்கு எந்த வண்டி எந்தத் தாமானுக்கு என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை. எனக்காகச் சொன்ன தே தாரேக்கை முனியாண்டி எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து மேடத்தைக் கூப்பிட்டேன். காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவமானம்தான். ஆனால் அதற்கு மேலே ஒரு சந்தோஷம், ஓட வேண்டும் போல ஒரு சந்தோஷம்.

"சண்டை போடுவாள்" என்றேன்.

"யாரோடு?"

"முதலில் என்னோடு."

"நல்லது. குழுவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்."

குழு ஒப்புக்கொண்டது. இத்தோடு கதையை முடித்திருந்தால் நான் ஆளைக் கணிப்பதில் கெட்டிக்காரன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கையெழுத்துப் போடுகிற நாளில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஈப்போ அலுவலகத்தில், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற அதே அறையில், ஒப்பந்தம் மேசைமேல் இருந்தது. லோகேஸ்வரி பேனாவைத் தொடவில்லை.

"சார், நானும் உங்களைப் பத்தி விசாரிச்சேன். நீங்க காசு போட்ட கம்பெனிக்காரங்க நாலஞ்சு பேருகிட்ட பேசினேன்."

"என்ன சொன்னவை?"

"எல்லாரும் தங்கமானவருன்னு சொன்னாங்க. பொறுமைசாலி, அதிர்ந்து பேசமாட்டாருன்னாங்க." அவள் சிரிக்கவில்லை. "அவங்க கம்பெனியில உங்க காசு இன்னும் இருக்கு சார். வேற எப்பிடிச் சொல்வாங்க? அதனால எனக்கு ஒரு நம்பர் வேணும். நீங்க காசு போட்டு, நஷ்டமாகி, மூடிப் போன கம்பெனிக்காரர் ஒருத்தரோட நம்பர்."

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் பணம் வேண்டியிருந்தது, கேட்டால் கோபித்துக்கொள்வோமோ என்ற பயமும் இருந்தது.

தாப்பாவில் ஒருவர் இருந்தார். கேமரன்மலைக் காய்கறிகளைக் குளிர்வண்டியில் இறக்கித் தெற்கே அனுப்புகிற கம்பெனி நடத்தியவர். நாங்கள் பணம் போட்டோம், வேகமாக வளரச் சொன்னோம், வளர்ந்தார். அடுத்த தவணை முதலீடு கேட்டு வந்தபோது நிதியம் மறுத்துவிட்டது. அவருக்குச் செய்தி சொன்னது நான். கம்பெனி மூடியபிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவர் என்னைப் பற்றி என்ன சொல்வார் என்று நினைக்கவே எனக்குத் துணிவில்லை. வேறு ஒருவர், கொஞ்சம் சுமுகமாகப் பிரிந்தவர், அவருடைய எண்ணும் கைபேசியில் இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது.

தாப்பாக்காரரின் எண்ணைக் கொடுத்தேன்.

அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். நான் ஜன்னலோரம் போய் நின்றேன். கடைகளின் முன்னால் அங்குமிங்கும் நடந்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதிகம் பேசியது அந்தப் பக்கம்தான். ஓரிடத்தில் நின்றாள். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். மறுபடி எட்டிப் பார்த்தபோது இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒருவரைப் பற்றிக் கெட்டதைச் சொல்ல இவ்வளவு நேரமா வேண்டும் என்று நினைத்தேன். நல்லதைச் சொல்லவும் அவ்வளவு நேரம் தேவையில்லை. மேடம் ஒருமுறை கூப்பிட்டார், கையெழுத்தாகிவிட்டதா என்று கேட்டார். ஆகப்போகிறது என்று பொய் சொன்னேன்.

அவள் மேலே வந்து உட்கார்ந்தாள். ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னவர்?"

"அது எங்களுக்குள்ள சார்" என்றாள். பேனாவை எடுத்து எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

வேன்கள் இன்று கமுந்திங்வரை ஓடுகின்றன. நான் அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருந்த காலம் முழுக்க லோகேஸ்வரி என்னோடு சண்டை போட்டாள், சில சண்டைகளில் நான் ஜெயித்தும் இருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற அன்று விருந்துக்கு வந்திருந்தாள். தாப்பாக்காரர் என்ன சொன்னார் என்று அப்போதும் கேட்டுப் பார்த்தேன். "இன்னுமா சார் அதையே நெனைச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள், சொல்லவில்லை.

உங்களில் யாராவது கேட்டால் தாப்பாக்காரரின் எண்ணைத் தருகிறேன், நீங்களும் பேசுங்கள். தினமும் மாலையில் நடக்கும்போது கைபேசியை எடுத்து அந்தப் பெயரைப் பார்க்கிறேன். நான்தான் இன்னும் கூப்பிடவில்லை.